அதிகப்படியாக நூற்றறுபது கிராம்

அத்தியாயம் - 4

ஏசி மெஷின் துப்புச் சொல்லும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், "அப்போ ஃப்ரிட்ஜைக் கூப்பிட்டு சாட்சிக்கூண்டுல ஏத்துங்கோ" என்று விச்சு சிரித்திருப்பான். சொன்னது வைஜயந்தி. அவளிடம் சம்பளம் வாங்குகிறவன் சிரிப்பதற்குக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

விஷ்ராந்த்வாடியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் பால்கனி. ஏப்ரல் மாதத்து மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வைஜயந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏசியின் அவுட்டோர் யூனிட் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெஷினுக்குள் இருந்த கேஸ் முழுவதையும் ஒரு குழாய் வழியாக காலி சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் ஒரு டிஜிட்டல் தராசின் மேல் நின்றது. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஏசி கம்பெனி ஒன்றில் வாரண்டி புகார்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவள். புளுகுகிற மனிதர்களையும் மெஷின்களையும் கண்டுபிடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டாளாம்.

"மேடம், காணாமப் போனது ஒரு மனுஷன். நாம என்னடான்னா காத்தை எடை போட்டுண்டிருக்கோம்" என்றான் விச்சு.

"மனுஷா யாரும் வாயைத் திறக்கலை. இதுவாவது திறக்கட்டும். நீ தராசைப் பாரு."

"பார்த்துண்டேதான் இருக்கேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்போகூட இவ்வளவு நேரம் பார்க்கலை."

பால்கனிக் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தீப்தி சிரித்தாள். ஏழு மாத வயிறு. சிரித்தால் மூச்சு வாங்கியது. அவளுக்காகத்தான் இவ்வளவும். தொலைந்தது அவளுடைய அப்பா சேஷு.

சேஷு பிம்ப்ரியில் முப்பது வருஷம் ஏசி மெக்கானிக். பெண்டாட்டி போன பிறகு ஒற்றை ஆளாக நின்று தீப்தியை இன்ஜினியர் ஆக்கியவர். நிச்சயதார்த்தத்தன்று ஹாலில் ஏசி நின்றுபோயிற்று. கோயம்புத்தூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் தாம்பூலத் தட்டால் விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார். முகமெல்லாம் கரியும் வியர்வையுமாகக் கீழே இறங்கி, "இனிமே ஓடும்" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிஷத்தில் தீப்திக்கு மானம் போனது போல இருந்தது. "இன்னிக்கு ஒரு நாளாவது மெக்கானிக்கா இல்லாம அப்பாவா இருக்கக்கூடாதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள்.

சேஷு ஸ்டூலை ஓரமாகத் தள்ளி வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கன்னிகாதானமும் செய்துகொடுத்தார். கல்யாணம் ஆன அடுத்த மாதமே பிம்ப்ரி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்பா கோபமாக இருக்கிறார், ஆறட்டும் என்று தீப்தி சில மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு ஃபோன் போட்டால் அந்த நம்பரே இல்லை.

போன மாதம் இந்த ஏசி வந்தது.

"மதலப்... அதாவது, வெள்ளிக்கிழமை வளைகாப்பு, ஆன்ட்டி" என்றாள் தீப்தி. அவளுடைய தமிழ் ஹிந்தியில் தடுக்கித் தடுக்கித்தான் வரும். "அம்மா இல்லை. பொறந்தாத்து வளைன்னு ஒண்ணு வரணும்னா அது அப்பா வாங்கிண்டு வந்தாத்தான். வேற யார் வாங்கினாலும் நான் போட்டுக்கமாட்டேன். அப்பாகிட்ட ஒரு ஸாரி சொல்லணும். அவ்வளவுதான்."

"ஏசி அவர் அனுப்பினதுதான்னு எப்படிச் சொல்றே?" என்றான் விச்சு.

பதில் சொன்னது அவளுடைய கணவன் நிர்மல். கோயம்புத்தூர்ப் பையன், நல்ல மாதிரி. "ரெண்டு பேர் டெம்போல கொண்டாந்தாங்க. மராத்திக்காரங்க. 'தீபு வீடு இதுதானே'ன்னு கேட்டாங்க. தீபுன்னு மாமா ஒருத்தர்தாங்க கூப்பிடுவார். நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். மாட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப கட்கி ரோட்டுல ஜாம் இருக்குமா, போபோடி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு பேசிக்கிட்டாங்க. அதுதான் தெரியும்."

"வந்த நாள்லேர்ந்து கூலிங் இல்லை" என்று தீப்தி தொடர்ந்தாள். "மத்தியானம் ஆனா டிரிப் ஆயிடும். இவர் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னார். நான்தான் வேண்டாம்னேன். அப்பா வந்து பார்ப்பார்னு."

தராசில் எண் நின்றது. வைஜயந்தி வால்வை மூடிவிட்டு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்தாள்.

"விச்சு, இதைப் படி."

"கேஸ் தொள்ளாயிரம் கிராம். பைப் அஞ்சு மீட்டர் வரைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டருக்கும் இருபது கிராம் சேர்க்கணும்."

"உள்ளே இருந்தது எவ்வளவு?"

"ஆயிரத்து அறுபது."

"இங்கே பைப் எவ்வளவு நீளம்?"

விச்சு சுவரைப் பார்த்தான். அவுட்டோர் யூனிட் பால்கனியில், ஏசி அதே சுவருக்கு அந்தப் பக்கம். "மூணு மீட்டர் இருந்தா அதிகம். அப்போ தொள்ளாயிரமே போதும். நூத்தறுபது கிராம் ஜாஸ்தி. அளவுக்கு மேல சாப்பிட்டுட்டு மூச்சு முட்டறது, பாவம். அதான் டிரிப் ஆறது."

"அந்த நூத்தறுபது ஏன் வந்தது? இந்தப் பக்கத்துல முக்கால்வாசிப் பேர் எப்படி கேஸ் போடறான்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும். கேஜைப் பார்ப்பான், பைப்பைத் தொட்டுப் பார்ப்பான், 'சேட், டண்டா ஹுவா க்யா, சில்லுனு ஆச்சா'ன்னு கேட்பான். ஆமான்னா மூடிடுவான்."

"அப்படிப் போட்டா கணக்கு கோணல்மாணலா நிக்கும். இது இருபதால சரியா வகுபடறது. எட்டு மீட்டருக்கு நூத்தறுபது. யாரோ ஒருத்தர் தராசு வெச்சு, பைப்பை அளந்து, தகட்டைப் படிச்சுப் போட்டிருக்கார். இங்கே இல்லை, வேற ஒரு இடத்துல. அஞ்சும் எட்டும், அங்கே பைப் பதிமூணு மீட்டர் இருந்திருக்கு. ஏசியை ஷிஃப்ட் பண்ணும்போது கேஸை முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள்ளே இழுத்துப் பூட்டிக் கொண்டுவருவா. அந்த வீட்டுக் கணக்கு அப்படியே இந்த வீட்டுக்கு வந்துடுத்து."

தீப்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அப்பாதான்! அப்பா எப்பவும் எடை போட்டுத்தான் கேஸ் போடுவார். கண்ணளவுல போடறவன் கையை உடைக்கணும்பார். ஆன்ட்டி, அப்பா அந்த வீட்டுல இருக்கார்! இருக்கார் இல்லையா?"

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து விச்சுவும் சிரித்துவிட்டான். வைஜயந்தி மட்டும் ஏனோ அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. "தேடறேன்மா" என்று சொல்லிவிட்டு, தொள்ளாயிரம் கிராமை எடை போட்டு மெஷினுக்குள் திருப்பி விட்டாள். ஐந்து நிமிஷத்தில் படுக்கையறை சில்லென்று ஆயிற்று. நிர்மல் கையை நீட்டிப் பார்த்து, "அடேங்கப்பா" என்றான்.

கேஸ் ஏறிக்கொண்டிருந்தபோது விச்சு அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் வெள்ளையாக வந்தது. மோந்தான். நாக்கிலும் வைத்துவிட்டான். இவன் கையில் எது கிடைத்தாலும் கடைசியில் வாய்க்குத்தான் போகும்.

"மேடம், ஜ்வாரி மாவு, நம்ம சோளம்! பாக்ரி ரொட்டி வாசனை அடிக்கறது. உப்பு ஒண்ணுதான் குறைச்சல்."

வைஜயந்தி குனிந்து பார்த்தாள். தகடுகளுக்கு இடையே மாவு அடை அடையாக அப்பியிருந்தது. "மாவு மில் பக்கத்துல இருந்த மெஷின். போபோடியில மாவு மில். மில் கீழே, ரூம் பதிமூணு மீட்டர் பைப் போற உசரத்துல. கிளம்பு."

"இன்னிக்கு நான்தான் துப்பறிஞ்சேன்னு ரிப்போர்ட்டுல போடுங்கோ."

"நக்கினேன்னு போடறேன். வா."

*

போபோடியில் ஸ்கூட்டர் போகிற சந்துகளில் பாதி, ஸ்கூட்டர் போகக்கூடாத சந்துகள். மூன்று மாவு மில் பார்த்தார்கள். முதல் இரண்டிலும் மேலே மாடியே கிடையாது. வழியெல்லாம் விச்சு பேசிக்கொண்டே வந்தான்.

"கிழவர் செம ஆளு மேடம். கோபத்தை விடவும் மாட்டார், பொண்ணு வேர்த்து வழியறதைப் பொறுக்கவும் மாட்டார். நேர்ல போனா மானம் போயிடும்னு ஆளை விட்டு மாட்டியிருக்கார். நாம போய் ரெண்டு அதட்டு அதட்டினா வந்துடுவார். அப்படியே லக்ஷ்மி ரோடு கடைத்தெருவுக்குப் போய் வளையலை வாங்கிடலாம். சிவப்பா, பச்சையா?"

"பேசாம ஓட்டு, விச்சு."

"ஏன் மேடம் உம்முனு இருக்கேள்? கேஸ் முடிஞ்சுடுத்தே."

அவள் அடுத்த சந்தைக் கையால் காட்டினாள்.

மூன்றாவது மில் ஒரு ஒல்லிக் கட்டடத்தின் கீழே இருந்தது. மேலே மூன்று மாடி. உச்சியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மில்லை ஒட்டித் தரையோரமாக ஒரு இரும்பு ஸ்டாண்ட் காலியாகக் கிடந்தது. அதிலிருந்து சுவர் நெடுக வரிசையாகப் பைப் பிடிக்கும் கிளிப்புகள் ஏறிப்போயின. கிளிப் இருந்தது, பைப் இல்லை.

"கிடைச்சுட்டார்" என்றான் விச்சு. "மேல் சுவர் ஒரே செங்கல் கனம். அவுட்டோர் யூனிட்டோட வெயிட்டைத் தாங்காதுன்னு கீழே வெச்சு, மேலே வரைக்கும் பைப் இழுத்திருக்கார். கிளிப் ஒண்ணாவது கோணலா இருக்கா பாருங்கோ. மாமனாரா வாய்ச்சா இப்படி ஒருத்தர் வாய்க்கணும்."

மில்லுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தாள். புருவமெல்லாம் மாவு. மில் அவளுடையதுதான். சந்தில் எல்லோரும் அவளைக் காகூ என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். விச்சு தன் பேட்டை மராத்தியில் வாயெல்லாம் பல்லாக ஆரம்பித்தான். "காகூ, மேல் ரூம் சேஷு அண்ணா இருக்காரா? அவர் பொண்ணு அனுப்பிச்சா. கூட்டிண்டு போக வந்திருக்கோம்."

காகூ உள்ளே போய் மில்லை நிறுத்தினாள். பெல்ட் சத்தம் ஓய்ந்ததும் சந்தே அமைதியாகிவிட்டது.

"பொண்ணுக்குக் குழந்தை பொறந்தாச்சா?" என்று கேட்டாள் காகூ.

"இல்லை. ஏழு மாசம்."

"அப்போ ஏன் வந்தீங்க? பொறந்தப்புறம் நானே போய்ச் சொல்றதா அண்ணாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே."

"என்ன சொல்றதா?" என்றான் விச்சு. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டான்.

"அவர் போயிட்டாரப்பா. ஹோலிக்கு நாலு நாள் முன்னாடி."

வைஜயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். காகூ அவளுக்கு ஒரு மணையைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

நுரையீரலில் வியாதி. கல்யாணத்துக்கு முன்பே சேஷுவுக்குத் தெரியும். புதுசாகக் குடித்தனம் போன பெண்ணின் தலையில் நோயாளியாக உட்காரக்கூடாது என்றுதான் பிம்ப்ரியை விட்டு வந்திருக்கிறார். இங்கே சந்திலிருக்கிற ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் பார்த்துக் கொடுத்துக்கொண்டு இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே மூச்சு விட முடியவில்லை என்றதும் தானே ஒரு ஏசி போட்டுக்கொண்டார்.

"என் மாவுத் தராசுமேலே கேஸ் சிலிண்டரைத் தூக்கி வெச்சுட்டார்" என்றாள் காகூ. "ஜனங்க மாவு வாங்கற தராசு அண்ணா, எடுங்கன்னு கத்தினேன். 'ரெண்டே நிமிஷம் காகூ, ஒரு கிராம் கூடினாலும் எனக்குத் தூக்கம் வராது'ன்னார். அப்படி ஒரு மனுஷன். பொண்ணு மாசமா இருக்கான்னு பஸ்ஸிலேர்ந்து பார்த்துட்டு வந்தார். ஆலந்தி ரோடு ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தாளாம். இறங்கலை. அன்னிக்கு சந்து முழுக்க எல்லாருக்கும் பேடா கொடுத்தார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றான் விச்சு.

"எப்படிச் சொல்றது? வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட சாவுச் சேதி சொல்லலாமா? உங்க பக்கத்துலேயும் சொல்லமாட்டாங்களாமே. அவரே சொன்னார். 'தீபுவுக்கு இப்போ தெரியக்கூடாது, குழந்தைக்கு ஆகாது. இந்த ஏசியை மட்டும் அவ வீட்டுல மாட்டிடுங்க, வெயில் ஆரம்பிச்சுடுத்து'ன்னு. என் தம்பி பசங்கள்ல ஒருத்தன்தான் கொள்ளி வெச்சான், அவங்க ரெண்டு பேரும்தான் ஏசியைக் கழட்டிக் கொண்டுபோய் மாட்டினாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற பசங்க. அண்ணா பண்றதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்." காகூ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் மாவு கரைந்து கோடு விழுந்தது. "நல்லா ஓடுதா அது? அவளுக்கு ஜில்லுனு இருக்கா?"

விச்சு வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறான், தொழிலே பாதி அதுதான். இந்தப் பொய்க்கு மட்டும் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. "வந்த நாள்லேர்ந்து ஜில்லுனு இருக்கு, காகூ" என்றான்.

"பொண்ணுமேல ரொம்பக் கோபமா இருந்தாரா?" என்று வைஜயந்தி கேட்டாள்.

"கோபமா? அவருக்கா?" காகூ அதிசயமாகப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு தடவை சொன்னார், நிச்சயதார்த்தத்தன்னிக்கு பொண்ணு கேட்டது நியாயம்தான்னு. அன்னிக்கு ஒரு நாள் நான் சும்மா உட்கார்ந்திருக்கணும், என் கை கேட்கலைன்னு சொல்லிச் சிரிச்சார்."

*

திரும்பும்போது ஸ்கூட்டரை வைஜயந்தி ஓட்டினாள். விச்சுவே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தான். கட்கி சிக்னலில் நின்றபோது அவள் பக்கம் குனிந்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். பால்கனியிலேயே தெரியும். அதான் அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்க்கலை."

"தெரியாது. பயம் இருந்தது."

"என்கிட்ட ஏன் சொல்லலை? வளையல் என்ன கலர்னு கேட்டுண்டு வந்தேனே, மடையன் மாதிரி."

"என் பயம் தப்பா இருக்கணும்னு வேண்டிண்டு வந்தேன். சொன்னா நிஜமாயிடுமோன்னு இருந்தது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள். என்ன சொல்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். சேஷு வடக்கே யாத்திரை போயிருக்கிறார், ஃபோன் எடுத்துப் போகவில்லை, குழந்தை பிறக்கும்போது வந்துவிடுவார். செத்துப்போன மனுஷன் கேட்டுக்கொண்டது அது. குழந்தை பிறக்கிற வரைக்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்றிவிட வேண்டியதுதான். விச்சு வழியில் நாலு தரம் ஒத்திகை பார்த்தான். ரிஷிகேஷ் என்று சொன்னால் நம்புவாள் என்று தோன்றியது.

கதவைத் திறந்தது நிர்மல். "நீங்க போனதிலிருந்து தீப்தி ஒண்ணும் பேசமாட்டேங்குறாங்க. அந்த ரூம்லயே உக்காந்திருக்காங்க" என்றான் மெதுவாக.

படுக்கையறையில் ஏசி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தீப்தி கட்டில் விளிம்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விச்சு சிரித்த முகமாக உள்ளே போனான். "தீப்தி, உங்கப்பா சரியான ஆளும்மா! நாங்க போபோடில தேடினா அவர் அங்கே ரிஷி..."

"விச்சு மாமா." அவள் திரும்பவில்லை. "இப்போ ரூம் எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு, பார்த்தீங்களா?"

"ஆமா, மேடம் கேஸைச் சரி பண்ணினா இல்லையா..."

"ஒரு மாசமா இது சரியா இல்லை. அப்பா மாட்டிவிட்டதுன்னு நினைச்சுண்டே வேர்த்துண்டு படுத்திருந்தேன். ஆன்ட்டி வந்து சரி பண்ணினதும்தான் யோசிச்சேன்." தடுக்கித் தடுக்கி வரும் தமிழ் அன்றைக்குத் தடுக்கவே இல்லை. "நிச்சயதார்த்தத்தன்னிக்கு யாரோ முன்னபின்னே தெரியாதவா ஹால்லேயே அப்பாவால கையைக் கட்டிண்டு உட்கார முடியலை. நான் படுத்துக்கற ரூம்ல தப்பான கேஸோட ஒரு ஏசியை ஓட விடுவாரா? கோபமா இருந்தாக்கூட விடமாட்டார். நடக்க முடியலைன்னாக்கூட தவழ்ந்துண்டு வந்திருப்பார்." அவள் வைஜயந்தியைப் பார்த்தாள். "அப்பா இல்லை. இல்லையா, ஆன்ட்டி?"

வைஜயந்தியின் பயத்துக்கு என்ன காரணம் என்று விச்சுவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நூற்றறுபது கிராம்தான். அதைத்தான் அவள் பால்கனியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இனி ரிஷிகேஷ் எதற்கு? வைஜயந்தி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைம்மா" என்றாள்.

தீப்தி கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிர்மல் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"யார் கொள்ளி வெச்சா?"

"அவர் இருந்த ரூமுக்குக் கீழ்வீட்டு மில்காரியோட தம்பி பையன்" என்றாள் வைஜயந்தி.

"கடைசி வரைக்கும் என்மேல கோபமா இருந்தாரா?"

அதற்கு மட்டும் விச்சு பதில் சொன்னான். அவளுக்குக் கொடுக்க அவனிடம் நல்ல சேதி அது ஒன்றுதான் இருந்தது. "கோபமே இல்லைம்மா. ஒரு நாளும் இருந்ததில்லையாம். நீ கேட்டது நியாயம்தான்னு சொல்லிச் சிரிச்சாராம்."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான், அசடு.

தீப்தியின் முகம் சின்னக் குழந்தையின் முகம் மாதிரிக் கோணிக்கொண்டு போயிற்று. "கோபமா இருக்கார், ஆறட்டும்னுதானே நான் ஃபோன் பண்ணலை" என்றாள். "கோபமே இல்லைன்னா நான் யாருக்காகக் காத்துண்டிருந்தேன், மாமா? இவ்வளவு பக்கத்துல இருந்தாரே. நான் யாருக்காகக் காத்துண்டிருந்தேன்?"

வைஜயந்தி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நிர்மல் கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற விச்சு, நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டான்.